ரெபேக்காளுடைய பொஸ்தகம்

கோயிலில் ஊரே கூடிச் சாப்பிடுகிற அசனப் பண்டிகைக்கு இன்னும் நாற்பது நாள் இருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், என் வீட்டுக்காரரின் இடது தோளில் வேறொரு பெண்ணின் பெயர் எழுதியிருந்தது. தைலம் தேய்க்கச் சட்டையைக் கழற்றச் சொன்னேன், கழற்றினார். தோள்பட்டையில் பழுப்பேறிய மையில், புள்ளி வைக்காத பழைய கையெழுத்தில், "இது ரெபேக்காளுடையது" என்று இருந்தது. நான் தைலத்தை மூடி வைத்துவிட்டுப் பல்பொடி போட்டுத் தேய்த்தேன், எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தேன், பாத்திரம் விளக்கும் கம்பி நாரை எடுத்தபோதுதான் அவர், "எமிலி, அது போகாது போல" என்றார்.

"யாரு இந்த ரெபேக்காள்?"

தெரியாது என்று தோளைக் குலுக்கினார். பெயரும் சேர்ந்து குலுங்கியது.

அவர் பெயர் தேவபிச்சை. எங்கள் தேரிமுனை உப்பளத்தில் எடைமேடைக் குமாஸ்தா. வருஷக்கணக்காக லாரிகளை நிறுத்து நிறுத்து, வாயிலிருந்து வருகிற சொல்லையும் நிறுத்துத்தான் வெளியே விடுவார்; ஒரு நாளைக்குப் பத்துச் சொல், பண்டிகை நாளென்றால் பதினைந்து. மீதி எல்லாவற்றையும் நான் பேசிவிடுவேன். வீடு என்றால் யாராவது ஒருத்தர் பேசத்தானே வேண்டும்?

நான் தூத்துக்குடியில் கான்வென்ட் போர்டிங்கில் ஏழு வருஷம் படித்தவள். பெயர் எழுதாத பொருள் தெருவுக்குச் சொந்தம் என்று மதர் கொன்சேட்டா சொல்வார். கைக்குட்டையில் சிவப்பு நூலால், டிபன் பாக்ஸில் ஆணியால், செருப்புக்கு அடியில் தாரால் எங்கள் பெயரை எங்களையே எழுத வைப்பார். அந்தப் பழக்கம் கல்யாணத்துக்கு அப்புறமும் என்னை விடவில்லை. குடத்தில், தூக்குச்சட்டியில், இட்லிக் கொப்பரையில், கரண்டிக் காம்பில், எலிப்பொறியில்கூட "தே. எமிலி" என்று வெட்டியிருக்கும். வீட்டில் என் பெயர் இல்லாத ஒன்று அவர்தான் என்பதை அந்தச் செவ்வாய்க்கிழமை வரை நான் யோசித்ததே இல்லை. புருஷனுக்கு யாராவது பெயர் வெட்டுவார்களா?

ஊருக்குள் போய்ப் பார்த்தால் எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. அசனத்துக்கென்று நேர்ந்துவிட்டிருந்த கறுப்புக் கிடாவின் விலாவில், "இது உபதேசியார் மாசிலாமணி பொஸ்தகம், எடுத்தவன் வாய் கோணும்" என்று இருந்தது. கோயில் மதிலோரத் தென்னைமரத்தில் "பாக்கியம்" என்று எழுதி, அதை அடித்து "வேதமணி" என்று எழுதி, அதையும் அடித்து இன்னும் பெரிதாக "பாக்கியமே" என்று எழுதியிருந்தது. எங்கள் சபைப் போதகர் நவமணி ஐயருடைய ஸ்கூட்டரின் முன்பக்கம் ஊதா நிறத்தில் வட்டமாக ஒரு முத்திரை விழுந்திருந்தது: "வாசகசாலை. வெளியே கொண்டுபோகலாகாது." அன்றிலிருந்து அந்த ஸ்கூட்டர் கோயில் வளாகத்துக்குள் எட்டுப் போட்டாலும் போடும், கேட்டைத் தாண்டச் சொன்னால் மட்டும் இருமி நின்றுவிடும். ஐயர் அதை உள்ளே நிறுத்திவிட்டு, சபை சந்திப்புக்கு நடந்து போனார், நாலே நாளில் தொந்தி குறைந்தது, அதற்கும் ஸ்தோத்திரம் என்றார்.

மீன் விற்கிற லூர்தம்மாளின் வலது உள்ளங்கையில் எழுத்தே இல்லை. மூன்று துடுப்பு வைத்த ஒரு மீன் மட்டும் இருந்தது. அந்தக் காலத்தில் யாரோ ஒருவன் எழுதத் தெரியாமல் தன் புத்தகத்தில் போட்டுவைத்த அடையாளம் அது. அவள் அதைக் கழுவவே இல்லை, கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள்.

"போட்டவனுக்கும் எழுத்து தெரியாது, எனக்கும் தெரியாது. ரெண்டு பேருக்கும் ஒத்துப்போச்சு. உங்களுக்கென்ன எமிலியக்கா அதுல சங்கடம்?"

இது எதனால் வந்தது என்று ஊரில் யாரும் அதிக நேரம் யோசிக்கவில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் தெரியும். கோயில் பின்கட்டு அலமாரியில் நாற்பத்தொரு பழைய புத்தகங்கள் இருந்தன. இந்தக் கடற்கரையில் அச்சுப் புத்தகம் என்று ஒன்று வந்த காலத்து ஜெப புத்தகங்கள், பாட்டுப் புத்தகங்கள். ஆட்டுத்தோல் அட்டை, பித்தளைக் கொக்கி, திறந்தால் மழையில் நனைந்த செம்மறி வாடை. பண்டிகைக்கு வெளியூர் விருந்தாளிகள் வருகிறார்கள், இதையா காட்டுவது என்று பெண்கள் ஐக்கிய சங்கத்துச் செயலாளர் கேட்டாள். எல்லாவற்றையும் ஒரே மாதிரி அரக்கு ரெக்ஸினில் பைண்ட் பண்ணி, முதுகில் தங்க எழுத்துப் போட்டு, வரிசையாக அடுக்கலாம் என்றும் அவள்தான் சொன்னாள். அந்தச் செயலாளர் நான்.

இன்ஜினியரிங் பிள்ளைகளின் புராஜெக்ட் ரிப்போர்ட்டுகளை பைண்ட் பண்ணித் தருகிற ராபின்சன்தான் வேலையை எடுத்தான். பாதியில் என்னைப் போனில் கூப்பிட்டு, "எக்கா, அட்டைக்கு உள்பக்கமும் முன் தாள்லயும் யார் யாரோ பேர் எழுதியிருக்காவ. ஒரு புஸ்தகத்துல ஆறு பேர் இருக்கு. என்ன செய்ய?" என்று கேட்டான். அடுப்பில் குழம்பு கொதிக்கிற நேரம் அது. "கிறுக்கல்தானடா? கிழிச்சுப் போடு" என்றேன். கிழித்துப் போட்டான். அட்டைகள் ஒரு பக்கம், தாள்கள் ஒரு பக்கம், இருநூறு வருஷமாக ஒரே இடத்தில் குடியிருந்த பெயர்களெல்லாம் ஒரே மத்தியானத்தில் தெருவுக்கு வந்தன. வந்தவை, தங்கள் தாளோ அட்டையோ எங்கே போய்ச் சேர்ந்ததோ, அதற்குப் பக்கத்தில் இருந்ததைப் பற்றிக்கொண்டன. அவ்வளவுதான் விஷயம். தெருவுக்கு வந்தவர்கள் வேறென்ன செய்வார்கள்?

ஊர் அதற்குப் பழகிக்கொண்ட வேகத்தைச் சொல்ல வேண்டும். முதல் ஞாயிற்றுக்கிழமை ஐயர் வியாதியஸ்தருக்கான ஜெபத்துக்கு அப்புறம் அந்தப் பெயர்களையும் வரிசையாக வாசித்தார், எல்லாப் பெயருக்கும் சேர்த்துச் சபை ஒரே "ஆமென்" சொன்னது, பாக்கியத்துக்கும் வேதமணிக்கும் மட்டும் தனித்தனியாகச் சொன்னது, சண்டை வேண்டாம் என்று. இரண்டாம் வாரத்தில், தென்னையில் ஏறுகிறவன் கீழே நின்று, "பாக்கியம் அம்மா, ரெண்டே ரெண்டு காய்" என்று கேட்டுவிட்டு ஏறினான்; கேட்காமல் ஏறிய அன்று காய்க்குப் பதில் மட்டை விழுந்தது. மூன்றாம் வாரத்தில் பெயர் கிடைக்காத வீட்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் வருத்தம் வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு மட்டும் ஏன் ஒருத்தரும் வரவில்லை என்று ஐயரிடம் போய்க் கேட்டார்கள். கல்யாணம் பேச வந்த சம்பந்திகள், பெண்ணின் முழங்கையில் இருந்த "சின்னத்தாய் வாசித்தது" என்கிற வரியைப் பார்த்துவிட்டு, படித்த குடும்பந்தான் என்று தட்டை மாற்றிக்கொண்டு போனார்கள்.

ஒன்றுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பெயர் ஏறியவற்றில் சில, நாள் போகப் போக, அந்தப் பெயருக்கு உரியவர்களைத் தேடிப் போக ஆரம்பித்தன. கறுப்புக் கிடா சாயங்காலமானால் கயிற்றை அறுத்துக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் இருக்கிற பழைய கல்லறைத் தோட்டத்துக்குப் போய், உபதேசியார் மாசிலாமணியின் கல்லில் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது. அதற்கு இரண்டு நாள் கழித்து என் வீட்டுக்காரரும் போனார்.

எதிர்வீட்டில் இருக்கிற அவருடைய தங்கச்சி ஜெசிந்தாதான் வந்து சொன்னாள்.

"மைனி, அண்ணன் கல்லறைத் தோட்டத்துல இருக்கான். கடலோர மூலையில ரெபேக்காள்னு ஒரு கல்லு இருக்குல்லா, அங்க."

"இருந்துட்டு வரட்டும். காத்தாவது வாங்கட்டும்."

"பேசுதான் மைனி."

"யாரு?"

"அண்ணன்."

நான் உளுந்து அளந்துகொண்டிருந்தவள் படியைக் கீழே வைத்தேன். "யார்கிட்ட?"

"கல்லுகிட்டத்தான். தூரத்துல நின்னேன், என்னன்னு கேக்கல. கையை ஆட்டி ஆட்டிப் பேசுதான்."

"கையையுமா ஆட்டுதாரு?"

"ரெண்டு கையையும்."

இருபத்தேழு வருஷத்தில் அந்த மனிதர் என்னிடம் பேசும்போது ஒரு விரலை ஆட்டியதில்லை. ரெபேக்காள் செத்து இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, கல்லில் வருஷம் போட்டிருக்கிறது. ஆனாலும் அன்றைக்கு ராத்திரிச் சோற்றை நான் அவருக்கு ஆறவைத்துத்தான் போட்டேன். அவர் ஆறின சோற்றையும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார், அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

முதல் நாள் ஐந்தே முக்காலுக்கு வந்தவர், அடுத்த வாரம் ஆறரைக்கு வந்தார், அதற்கடுத்த வாரம் ஏழே காலுக்கு. கண்ணில் ஒரு வெளிச்சம், செருப்பில் கல்லறைத் தோட்டத்து மணல். ஒரு வெள்ளிக்கிழமை, கறுப்புக் கிடா திரும்பி வரவே இல்லை. கோயில் மணி அடிக்கிற கோயில்பிள்ளை போய் இழுத்தான், வாழைத்தோலைக் காட்டினான், கிடா அவனைத் தெரியாதவனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, கல்லிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டது. ஊர் அதையும் ஏற்றுக்கொண்டு, கிடாவுக்கு அங்கேயே ஒரு கீற்றுக் கூரை போட்டுக்கொடுத்தது. அடுத்து என் வீட்டுக்காரர்தான். இவருக்கும் அங்கேயே ஒரு கீற்றுக் கூரை போட்டு, ஆளாளுக்குத் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோய் வைத்துவிட்டு, ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு வருவார்கள் இந்த ஊர்க்காரர்கள், எனக்குத் தெரியாதா இவர்களை?

ராபின்சன் கடைக்குப் போனேன். அதற்குள் அவனுக்கு ஒரு விஷயம் பிடிபட்டிருந்தது. ஐயர் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில், பிளக் துடைக்க என்று எப்போதோ சுருட்டி வைத்திருந்த முத்திரைத் தாளை எடுத்து, உரிய புத்தகத்தில் மறுபடி வைத்துத் தைத்ததும், ஸ்கூட்டர் முகத்திலிருந்த முத்திரை மறைந்து, வண்டி கேட்டைத் தாண்டி ஓடியது. தென்னைக்கு அடியில் மண்ணில் புதைந்து கிடந்த அட்டையை எடுத்துத் தைத்தான். பாக்கியம் புத்தகத்துக்குத் திரும்பிப் போனாள், வேதமணியும்தான். லூர்தம்மாள் மட்டும் மீன்கூடைக்கு மூடியாக வைத்திருந்த அட்டையைத் தர மாட்டேன் என்று இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ரெபேக்காள் அட்டை எங்கடா?"

"எனக்கு எப்படித் தெரியும் எக்கா? நீங்கதான சொன்னிய, கிழிச்சுப் போடுன்னு. கேட்டவங்களுக்கெல்லாம் அள்ளிக் குடுத்தேன். கடைசியா எஞ்சினத கடலைக்காரன் கொண்டுபோனான்."

கடலைக்காரனிடம் போனேன், அவன் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தேன். வீடு வீடாகப் போனேன். கட்டில் காலுக்கு முட்டுக்கொடுத்தவர்கள், அடுப்பு விசிறியாக்கியவர்கள், பிள்ளைகளுக்குப் பரீட்சை அட்டையாகக் கொடுத்தவர்கள் என்று இருபத்தாறு அட்டைகளைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். கோயில் சொத்தை வீட்டில் வைத்திருக்கிறீர்களே, கூச்சமாக இல்லையா என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று கேட்டேன். இருபத்தாறில் எதிலும் ரெபேக்காள் இல்லை.

ஜெசிந்தா பின்னாலேயே வந்தவள், தயங்கித் தயங்கி, "மைனி, கோவிச்சுக்கிடாதீங்க. நம்ம வீட்டையும் ஒருக்கா பாத்திருவோமா?" என்றாள்.

"என் வீட்டில குப்பை சேராது" என்றேன். அதற்குமேல் அவள் பேசவில்லை. என்னிடம் அதற்குமேல் பேசுகிறவர்கள் ஊரில் குறைவு.

சனிக்கிழமை சாயங்காலம், இட்லிக்கு மாவு போட்டேன். எங்கள் கிரைண்டர் மூன்று காலில் நிற்கிற ஜாதி. போட்டால் தரையில் ஊர்ந்து நடக்கும். கொஞ்ச நாளாக நடக்காமல் அடங்கி இருந்தது, அன்றைக்கு மறுபடி நடக்க ஆரம்பித்தது. சுவிட்சை அணைத்துவிட்டு, சனியனே என்று காலால் தள்ளினேன். அடியிலிருந்து ஒரு அட்டை வழுகி வெளியே வந்தது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ராபின்சன் கடையில், குவித்துக் கிடந்ததில், நானே குனிந்து பொறுக்கி, "தடியா இருக்கு, கிரைண்டர் ஆடுது, இத நான் எடுத்துக்கிடுதேன்" என்று முந்தானைக்குள் வைத்துக் கொண்டுவந்த அட்டை. கிரைண்டருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான் அவர் தினமும் காலையில் எனக்குத் தேங்காய் துருவித் தருவார், பேசாமல்.

மாவுத் தண்ணீர் ஊறி, அட்டையின் உள்பக்கத் தாள் வாழைப்பட்டை மாதிரி உரிந்திருந்தது. ஆட்டுத்தோலுக்கு அடியில் பலகை இல்லை; பழைய அச்சுத்தாள்களும் பனையோலைத் துண்டுகளும் அடுக்கடுக்காக ஒட்டியிருந்தன. உரிந்த தாளுக்குக் கீழே எழுத்து. தோளில் பார்த்த அதே கை. தோளில் முதல் வரி மட்டும்தான் வந்திருக்கிறது.

"இது ரெபேக்காளுடையது. எனக்கு வாசிக்கத் தெரியும். இந்த வீட்டில் கேட்கிறவர்கள் இல்லை."

ஒரு தடவை வாசித்தேன், பொறுமையில்லாமல். இன்னொரு தடவை வாசித்தேன். மூன்றாம் தடவை வாசிக்கும்போது அந்த ஸ்டூலில் உட்கார வேண்டியதாகிவிட்டது. சின்ன ஸ்டூல். இவ்வளவு சின்ன ஸ்டூலிலா அவர் உட்காருகிறார்? முட்டி மோவாயில் இடித்தது. எதிரே பார்த்தால் அடுப்புதான் தெரிந்தது; நான் அங்கே நின்றால், என் முதுகு மட்டுந்தான் தெரியும்.

மாவைப் பாதியில் விட்டுவிட்டு, அட்டையைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனேன். பாதியில் விட்ட மாவு என்று என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

கல்லறைத் தோட்டத்தில் கிடா அதன் கூரைக்கடியில் அசைபோட்டுக்கொண்டிருந்தது. கடலோர மூலையில் அவர் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நான் பூவரசுக்குப் பின்னால் நின்றேன், ஒட்டுக்கேட்பது பாவம் என்று கன்னியாஸ்திரிகள் சொல்லித்தந்திருந்தும்.

"இன்னைக்கு கேஸ் சிலிண்டர்காரன் வந்தான்" என்று கல்லுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கை உண்மையிலேயே ஆடியது. "லேட்டா வந்தான்னு எமிலி அவன அரை மணி நேரம் நிறுத்தி வச்சு ஏசினா. ஏசி முடிச்சுட்டு, வெயில்ல வந்தியேன்னு மோர் குடுத்தா. அவன் குடிக்கும்போதும் ஏசினா. அவ அப்படித்தான். போன மாசம் எனக்குக் காய்ச்சல் வந்தப்போ, என்னை ஏசிக்கிட்டே காலைப் பிடிச்சு விட்டா. தூங்கிட்டேன்னு நினைச்சு அழுதா. நான் தூங்கலை."

கிடா என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்து முறைத்தேன்.

"கல்யாணமான புதுசுல," என்றார் அவர், "ஒரு நாள் உப்பளத்துலேர்ந்து வந்து, இன்னைக்குக் கடல் எப்படி இருந்துச்சு தெரியுமா எமிலின்னு ஆரம்பிச்சேன். பால் பொங்கிருச்சுன்னு ஓடிட்டா. திரும்பி வருவா, மிச்சத்தச் சொல்லுவோம்னு உக்காந்திருந்தேன்."

கல்லில் விழுந்திருந்த பூவரசு இலையை எடுத்துப் போட்டார்.

"இருபத்தேழு வருஷம் ஆச்சு" என்றார்.

நான் பூவரசை விட்டு வெளியே வந்து, மணலைத் தட்டிவிட்டு, கல்லுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். அவர் திருடன் மாட்டிக்கொண்டதுபோல் விழித்தார்.

"சொல்லுங்க. எப்படி இருந்துச்சு கடல்?"

"பால்..." என்றார்.

"பால் அடுப்புல இல்லை."

அவர் என்னைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், அனுமதி கேட்பதுபோல. பிறகு சொன்னார். அந்த நாள் கடல் பச்சையாக இருந்ததாம், கிளிப்பச்சை. ஒரு பக்கம் மட்டும், யாரோ சேலை உலர்த்தியதுபோல். அந்தப் பச்சைக்கு நடுவில் ஒரு தோணி, அதில் ஆள் இல்லை, ஒரு வெள்ளைக்கோழி மட்டும் நின்றுகொண்டிருந்ததாம். கோழி எப்படித் தோணிக்கு வந்தது என்று கேட்க என் நாக்கு துடித்தது. அவருடைய சட்டைக் காலர் மடங்கியிருந்தது, அதைச் சொல்லவும் துடித்தது. வீட்டில் மாவு புளிக்கும், கதவைப் பூட்டினேனா தெரியவில்லை, கல்லைச் சுற்றி ஒருத்தரும் புல் பிடுங்குவதில்லை. எல்லாவற்றையும் பல்லுக்குள் அடக்கிக்கொண்டு, கால் மணி நேரம் வாயை மூடி உட்கார்ந்திருந்தேன். மூன்று பிரசவத்தில் பட்ட கஷ்டம் அதற்குப் பக்கத்தில் நிற்காது.

சொல்லி முடித்ததும் அவர் எழுந்து கை நீட்டினார். பிடித்துக்கொண்டு எழுந்தேன். அன்றைக்கு அவர் கிடாவுக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டார். கிடா வரவே இல்லை. அதன் தாளை அதுவே தின்றுவிட்டிருந்தது என்று அப்புறம்தான் தெரிந்தது, எனவே மாசிலாமணி உபதேசியாரின் பெயர் போக வழியில்லை. வாய் கோணும் என்று எழுதிய ஆட்டை யார் அறுப்பார்கள்? அந்த வருஷம் அசனத்துக்கு வேறு ஆடு வாங்கினோம். கிடா கல்லறைத் தோட்டத்தில் புல் மேய்ந்து, இன்றைக்கும் ஊரில் மரியாதையோடு இருக்கிறது.

புதன்கிழமை ராபின்சன் ரெபேக்காளின் அட்டையைப் புத்தகத்தோடு வைத்துத் தைத்தான். கடைசித் தையல் விழுந்ததும், பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டார். சட்டையை விலக்கிப் பார்த்தேன். வெறுந்தோள், தைலம் தேய்த்த பளபளப்பு மட்டும். அலமாரியில் இப்போது புத்தகங்கள் பாதி ரெக்ஸினும் பாதி ஆட்டுத்தோலுமாக, ஒட்டுப்போட்ட பாவாடைகள் மாதிரி நிற்கின்றன. விருந்தாளிகள் வந்து பார்த்துவிட்டு, இதென்ன புது டிசைனா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

அலமாரிக்குக் கொண்டுபோகும் முன், ராபின்சனிடம் பேனா கேட்டேன்.

"எக்கா, மறுபடியும் கிறுக்கலா?" என்றான் அவன்.

"கிறுக்கல்தான். இத எவனாவது கிழிச்சான், வாய் கோணும்."

என் வீட்டுக்காரர் அட்டையைத் திறந்து பிடித்துக்கொண்டார். ரெபேக்காளின் வரிகளுக்குக் கீழே நாலு விரல்கடை இடம் காலியாக இருந்தது, யாரோ வருவார்கள் என்று விட்டுவைத்ததுபோல. மதர் கொன்சேட்டா சொல்லித்தந்த மணிமணியான கையெழுத்தில் எழுதினேன்:

"கேட்கிறவர்கள் உண்டு. தினமும் சாயங்காலம் ஐந்தரை முதல் ஐந்தே முக்கால் வரை. அதற்குமேல் என்னால் முடியாது. தே. எமிலி."